நுரையீரலை அறிந்தவர் ஏன் புகைக்கிறார்?

“நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு வரும் செவிலியரே வெளியே போய்ச் சிகரெட் பற்றவைக்கிறாரே, அவருக்குத் தெரியாததா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நன்றாகவே தெரியும். 1976-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,21,700 பெண் செவிலியரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வில், நாளொன்றுக்கு 1 முதல் 4 சிகரெட் மட்டுமே பிடித்தவர்களுக்குக்கூட மாரடைப்பு அபாயம் கூடியிருந்தது. அந்தச் சான்றைத் தந்தவை செவிலியரின் உடல்களே.

இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை எட்டுவதும், அங்கே இன்ப உணர்வோடு தொடர்புடைய டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதும் பலரும் படித்தவை. சுவையான பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினுக்காக நரம்பணுக்களில் அமைந்த ஏற்பிகளில், அதாவது அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில், நிகோட்டின் போய் அமர்கிறது. அசிட்டைல்கோலினை ஒரு நொதி கணப்பொழுதில் சிதைத்துவிடும். நிகோட்டினை அந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே முதலில் திறந்துகொள்ளும் ஏற்பிகள், தூண்டல் ஓயாததால் சற்று நேரத்தில் மரத்துப்போகின்றன. இது நாள்தோறும் நடக்க, நரம்பணுவில் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. ஓயாமல் தூண்டப்படும் ஏற்பிகள் பொதுவாகக் குறையும் என்பதே பாடம். இங்கே அவை கூடுகின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இரத்தத்தில் நிகோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஷிப்டோ 8 அல்லது 12 மணி நேரம் நீளும். அளவு இறங்க இறங்க, மரத்துக் கிடந்த ஏற்பிகள் வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் விழித்துக்கொள்ள, எரிச்சலும் பதற்றமும் தலைதூக்குகின்றன. ஊசி மருந்தின் அளவை மூன்றாம் முறையாகச் சரிபார்க்கும்போதும் மனம் ஒட்டுவதில்லை. வேலைப் பளு உண்மையிலேயே இருப்பதால், பழியெல்லாம் அதன்மேல் விழுகிறது. இடைவேளையில் பிடிக்கும் சிகரெட், முந்தைய சிகரெட் மூட்டிவிட்ட பதற்றத்தைத்தான் பெரிதும் தணிக்கிறது. வார்டின் பதற்றம் தணிந்ததாகவே அவர் நம்புகிறார்.

புகைக்கும் செவிலியர், புகையை விடும்படி நோயாளியிடம் சொல்லத் தயங்குவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தன் சீருடையிலேயே புகை நாற்றம் வீசும்போது அந்தச் சொல் எளிதில் வாயில் வராது. அவரைக் கடிந்துகொள்வதற்கு ஆகும் சுவரொட்டிச் செலவை, இரவுப் பணியில் முறையான ஓய்வு தந்தால் என்ன மாறுகிறது என்று ஆராயச் செலவிடலாம் என்பது என் கருத்து.

தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது ஷிப்ட் முழுவதும் நிகோட்டினைச் சீராகக் கசியவிடுவதால், ஏற்பிகள் திடீரென விழித்துக்கொள்வதில்லை. பட்டையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, நிகோட்டின் முற்றிலும் நின்றபின், பெருகிய ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும்.