10 பேர் வந்தால் தெருவுக்கு எத்தனை பேர்?

"உங்கள் பகுதிக்குக் கூடுதலாக 10 போலீஸார்" என்று குடியிருப்போர் கூட்டத்தில் அறிவித்தால் கைதட்டல் விழும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். நகரக் காவல் துறையின் பட்ஜெட்டைத் தயாரிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். சீருடை போட்டதில்லை; ஆனால் டூட்டிப் பட்டியல் தலைகீழ்ப் பாடம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இரவும் பகலும் ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால் 4.2 பேர் தேவை. விடுப்பு, பயிற்சி, நீதிமன்றச் சாட்சி, உடம்பு முடியாத நாள் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 5 பேர். ஆக, அந்த 10 பேரில் எந்த நேரமும் தெருவில் கிடைப்பவர்கள் 2 பேர். அதுவும் பத்து இடமும் நிரம்பியிருந்தால்தான். அனுமதித்த பணியிடம் வேறு, வேலைக்கு வந்த ஆள் வேறு. காகிதத்தில் இருக்கும் பணியிடம் ரோந்து போகாது.

ஓர் இரவுப் பட்டியல் இன்னும் கண்ணில் நிற்கிறது. மொத்தம் 14 வரிசை. மூன்று பெயருக்கு எதிரே பென்சிலில் 'பந்தோபஸ்து'. இருவர் பயிற்சியில். ஒருவருக்குக் காலையில் நீதிமன்றம், ஒருவருக்கு மருத்துவ விடுப்பு. இரண்டு வரிசையில் பெயரே இல்லை, காலியிடம். மிச்சம் 5 பேரில் ஒருவர் நிலைய எழுத்து வேலைக்கு, ஒருவர் வயர்லெஸ்ஸுக்கு. வெளியே போனது 3 பேரும் ஒரு வண்டியும்.

அந்த வண்டியும் சந்திப்பில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. "ஏன் சுற்றவில்லை?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "மாத டீசல் முடியப்போகுது சார். இருப்பதையும் சுற்றியே தீர்த்துவிட்டால், அவசரமா கூப்பிடும்போது எதை வைத்துப் போவது?" என்றார் ஓட்டுநர். அந்த டீசல் ஒதுக்கீட்டைக் குறைத்த ஃபைலில் என் கையெழுத்தும் இருந்தது.

காவல் பட்ஜெட்டின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விடும். அதில் சட்டென்று கை வைக்க முடியாது. எனவே வெட்டு வந்தால் முதலில் விழுவது எரிபொருள், வண்டிப் பழுது, பயிற்சி, கட்டுப்பாட்டு அறை ஆட்கள். காலியிடத்தை ஓவர்டைம் வைத்து ஓட்டுவது சிக்கனம்போலத் தெரியும். தூக்கமில்லாத ஆளை வைத்து நடத்தும் சிக்கனம் அது.

சரி, பணத்தைக் கொட்டினால் போதுமா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் 1972-73ல் ஒரு சோதனை நடந்தது. சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படி வித்தியாசமில்லை. வண்டி சும்மா சுற்றுவதில் பெரிய பலனில்லை என்பது அப்போதே தெரிந்துபோனது. பிறகு மினியாபொலிஸ் என்ற இன்னோர் அமெரிக்க நகரத்தில் பார்த்தபோது, போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்திருந்தன. அந்த இடங்களுக்கு அடிக்கடி போய் ஒரு கால் மணி நேரம் நின்றாலே பலன் தெரிகிறது.

போலீஸ் கணக்கில் வராத செலவும் உண்டு. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் 2016ல் கூடுதல் விளக்குக் கோபுரங்கள் வைத்துச் சோதித்தார்கள். இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். விளக்கு வேறு துறையின் செலவு என்பதால் எங்கள் மேசையில் அது பேச்சுக்கே வந்ததில்லை!

அதனால் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மொத்தத் தொகையைக் கேட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். எத்தனை இடம் காலி, அழைத்தால் வந்து சேர எவ்வளவு நேரம், டீசல் மாதக் கடைசி வரை வருமா, அதிக அழைப்பு வரும் நான்கு முகவரிகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அதிகாரிகள் கொஞ்சம் நெளிவார்கள். நானும் நெளிந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் தொகை, சதவீதம், வரைபடம் எல்லாம் காட்டி முடித்த பிறகு வயதான பெண்மணி ஒருவர் எழுந்தார்.

"அதெல்லாம் சரி தம்பி. இன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு இங்கே எத்தனை பேர் இருப்பாங்க?"

ஃபைலைப் புரட்டி, "3 பேர்" என்றேன்.

"எங்க தெருவுக்கு மட்டுமா, இந்த வட்டாரத்துக்கே சேர்த்தா?" என்றார்.