கொப்புளம் வேறு, காப்பு வேறு

பூப்பந்து ஆடிக் கையில் வந்த கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். கத்தரிக்கோலால் வேண்டாம், நகவெட்டியால் வேண்டாம், பல்லால் கடித்து இழுக்கவும் வேண்டாம். உரித்த இடத்தில் கோடாலித் தைலம் தடவாதீர்கள், பற்பசை பூசாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் இதைத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. போன வாரம் மூன்றாம் படிவம் படிக்கும் ஒரு பையன் வந்துபோன பிறகு, எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவன் வந்தது மணிக்கட்டு வலி என்று. கையைத் திருப்பச் சொன்னால், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே இரண்டு இடங்களில் மேல்தோலே இல்லை. புண்ணில் படாமல் ராக்கெட்டைப் பிடிக்கக் கையைக் கோணிக் கோணி ஆடியதில் மணிக்கட்டும் கெட்டுப்போயிருந்தது. "கோச் சொன்னாரு மிஸ், பிச்சு விட்டாத்தான் காப்பு காய்க்குமாம். காய்ச்சிட்டா அப்புறம் வலிக்காதாம்" என்றார் அவன் அம்மா.

இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. இது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தாத்தாவின் கையையும் செம்பனைக் குலை அறுக்கும் அப்பாவின் கையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கைகளில் தோல் தடித்துக் காய்த்திருந்த காப்பு உழைப்பின் அடையாளம், மரியாதைக்குரியது. அதனால் பிள்ளையின் கையில் கொப்புளத்தைப் பார்த்ததும், அதே வழியில் முதல் படி ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறோம். அது முதல் படி இல்லை. காப்பு என்பது, தோல் தாங்கக்கூடிய அழுத்தம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதே இடத்தில் விழுந்து மெல்ல மெல்லத் தடிப்பது. கொப்புளம் என்பது, தோல் தாங்க முடியாத உரசல் ஒரே மாலையில் விழுந்து மேலடுக்கு பிரிந்து நீர் கோத்துக்கொள்வது. தாங்கினால் காப்பு, தாங்காவிட்டால் கொப்புளம். அந்தத் தோலை உரித்தால் கீழே இருப்பது பிஞ்சுத் தோல். அதை வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் ஆடப் போனால் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம் வரும், இந்த முறை இன்னும் சீக்கிரமாக. உரிப்பதால் காப்பு விரைவில் வருவதில்லை, தள்ளித்தான் போகிறது.

காப்பு காய்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் சரியில்லை. அளவுக்கு மேல் தடித்த காப்பின் ஓரம் கைப்பிடியில் மாட்டி இழுபடும். காப்புக்கு அடியிலேயே கொப்புளம் வந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் வலி உயிரை வாங்கும். குளித்து முடித்து தோல் ஊறியிருக்கும்போது நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பிளேடு எடுத்துச் சீவ வேண்டாம்.

சரி, கொப்புளம் ஏன் வருகிறது? பெரும்பாலும் பிடி. இன்று கடைகளில் விற்கும் 4யூ என்ற எடைப் பிரிவு ராக்கெட்டின் எடை 80 முதல் 84 கிராம். அதைப் பாராங்கத்தி பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து ஆடுகிறார்கள். இறுக்கினால்தான் ஸ்மாஷ் (ஓங்கி அடிக்கும் அடி) விழும் என்று சொல்லிக்கொடுத்தும் விடுகிறார்கள். ராக்கெட்டை விரல்களில் தளர்வாக வைத்திருந்து, ஷட்டில் படும் அந்தக் கணத்தில் மட்டும் இறுக்கி, உடனே விட வேண்டும். வேகம் அப்படித்தான் வரும். முழு ஆட்டமும் இறுக்கிக்கொண்டே இருந்தால் உள்ளங்கைத் தோல் மட்டுமல்ல, கட்டைவிரலின் அடிப்பகுதியும் முழங்கையின் வெளிப்பக்கமும் சேர்ந்து வலிக்கும். என்னிடம் முழங்கை வலி என்று வருகிறவர்களின் கையை முதலில் விரித்துப் பார்ப்பது அதனால்தான். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

கொப்புளம் வந்த இடமும் பேசும். கடைசி இரண்டு விரல்களுக்குக் கீழே வந்தால் கைப்பிடி கைக்குள் வழுக்கிச் சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் சுற்றியிருக்கும் கிரிப் தேய்ந்திருக்கும், அல்லது வியர்வை. உள்ளங்கையின் அடிமேட்டில் வந்தால் கைப்பிடியின் அடிக்குமிழ் அங்கே இடிக்கிறது. கட்டைவிரலின் பக்கவாட்டில் வந்தால், பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கமாக) அடிக்கும்போது விரலை அகலமான தட்டைப் பக்கத்தில் வைக்காமல் விளிம்பில் வைத்து அழுத்துகிறார்கள். கைப்பிடிக்கு எட்டுப் பக்கம் உண்டு என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பயிற்றுநர்களே, தயவுசெய்து முதல் வாரமே அதைத் தொட்டுக் காட்டுங்கள்.

கைப்பிடியின் பருமனையும் பாருங்கள். ஜி4, ஜி5 என்று எழுதியிருக்கும். யோனெக்ஸ் போன்ற நிறுவனங்களின் ராக்கெட்டுகளில் எண் கூடக் கூடப் பிடி மெலியும். அண்ணன் விட்டுப்போன பருத்த ராக்கெட்டில் கிரிப் மேல் கிரிப்பாகச் சுற்றி ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் அவளால் விரலை மடக்கவே முடியாது. ரொம்ப மெலிந்தாலும் தொல்லைதான். விரல் நுனி உள்ளங்கையில் குத்தும், அதனாலேயே இன்னும் இறுக்குவார்கள். பழைய கிரிப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். சில வெள்ளி (ரிங்கிட்) செலவில் முடிகிற காரியம் இது. இருநூறு வெள்ளிக்கு ராக்கெட் வாங்கிக்கொடுத்துவிட்டு, கறுத்துப் பளபளத்துப்போன கிரிப்பை ஒரு வருடம் மாற்றாத பெற்றோரை என்ன சொல்வது?

அடுத்தது வியர்வை. நம் தோட்ட மண்டபங்களின் தகரக் கூரை நாள் முழுக்க வெயிலை வாங்கியிருக்கும். ஷட்டில் காற்றில் அலையும் என்று கதவைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஆடுகிறோம். வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் ஈரம் ஏறிய தோலில்தான் உரசல் அதிகம். மணிக்கட்டில் பட்டை அணிந்தால் முன்கை வியர்வை உள்ளங்கைக்கு இறங்காது. முகத்துக்கு ஒரு துண்டு, கைக்கும் கைப்பிடிக்கும் தனியாக ஒரு துண்டு. நிறைய வியர்ப்பவர்களுக்குத் துண்டுத் துணியாலான கிரிப் நல்லது, ஆனால் அது அழுக்கையும் கிருமியையும் சேர்த்துவைக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் நடுவே அடிக்கடி கையைத் துடைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பெண்கள் இரட்டையர் பெர்லி டானும் தீனா முரளிதரனும் நான்காவதாக வந்து, 2025 உலகப் போட்டியில் வெள்ளியும் வென்ற பிறகு, நம் பெண் பிள்ளைகள் பூப்பந்து ஆட ஆசைப்படுகிறார்கள். நம் பூப்பந்து வீரர் பஞ்ச் குணாளன் 1970 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்களில் இது எவ்வளவு சந்தோஷம்! அதனால்தான் கேட்கிறேன், பரீட்சை முடிந்த கையோடு பிள்ளையை மூன்று மணி நேரம் ஆடவிடாதீர்கள். இரண்டு மாதம் ராக்கெட் தொடாத கைக்கு முதல் நாள் அரை மணி நேரம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். "கை காந்துது" என்று சொன்னால் அப்போதே நிறுத்துங்கள். இன்னும் ஒரு செட் என்று தள்ளினால் கொப்புளம்தான். வழக்கமாகக் காந்துகிற இடத்தில் ஆடும் முன்பே துணி டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

வந்துவிட்டால்? சிறியதாக, உடையாமல் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, சும்மா விடுங்கள். பெரிதாகி வலித்தால் கிளினிக்கில் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிப்பார்கள், மேல்தோலை அப்படியே படியவிடுவார்கள். அந்தத் தோல்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கட்டு. தானாகவே பிய்ந்துபோயிருந்தால் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத கட்டுப் போட்டு மூடுங்கள். தோல் ஆறும்வரை ராக்கெட் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கள் விடியலில் மரம் வெட்டப் போகிற அண்ணன்மார்களே, பாலை உறைய வைக்கும் அமிலமும் களைக்கொல்லியும் திறந்த புண்ணில் படக் கூடாது. கட்டுப் போட்டு மேலே கையுறை மாட்டிக்கொண்டு போங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டில் ஊசியைத் தொடவே கூடாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே மாலையில் மண்டபத்தில் ஆட வரும் நாற்பது வயதுக்காரர்களில் பலருக்கு அது இருக்கும், சிலர் பரிசோதித்தே பார்த்திருக்க மாட்டார்கள். கொப்புளம் ஒரு வாரமாகியும் ஆறவில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல், மணிக்கட்டை நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, விரல் வீங்கி மடங்கியபடியே நின்று நீட்டினால் தாங்க முடியாத வலி, இவற்றில் எது இருந்தாலும் அது பிசியோவுக்கு வரவேண்டிய விஷயமே இல்லை. உள்ளங்கையில் சீழ் பிடித்தால் தசைநார் வழியாக வேகமாகப் பரவி விரலையே முடக்கிவிடும். திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றிரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.