சிப் விலை சரிந்தால் பையனின் பங்கு என்ன ஆகும்?

"சிப் விலை இறங்குதாமே, பையன் கம்பெனி பங்கும் படுத்துடுமா சார்?" கும்பகோணத்தில் ஆடிட்டர் தொழில் செய்யும் என்னிடம் வலங்கைமான், பாபநாசம் பக்கத்துப் பெற்றோர் பலர் இதைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ அமெரிக்க சிப் கம்பெனியில் வேலை. சம்பளத்தில் ஒரு பகுதி தாய்க் கம்பெனியின் பங்காக வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கம்பெனி சிப் விற்கிறதா, சிப் செய்யும் இயந்திரம் விற்கிறதா?

தகவலைச் சேமித்து வைக்கும் மெமரி சிப்பை சாம்சங் செய்தாலும் மைக்ரான் செய்தாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் விலைதான் போட்டி. விலை விழுந்தாலும் ஆலையைச் சட்டென்று நிறுத்த முடியாது. தேய்மானச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போன வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் தகடு) சிப்பாக வெளிவர மாதக்கணக்கில் ஆகும். நம் நெல்லுக்காவது கொள்முதல் நிலையமும் ஆதார விலையும் உண்டு, சிப்புக்கு அதுவும் கிடையாது.

கணக்கில் முதல் அடி கையிருப்புச் சரக்கின் மேல் விழும். அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை எழுத வேண்டும். 2023 மார்ச் தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் மைக்ரான் இப்படிக் குறைத்து எழுதிய தொகை 143 கோடி டாலர். நிகர நஷ்டம் 231 கோடி டாலர். அப்புறம் அதே சரக்கு விற்கும்போது அடக்கம் குறைவாகத் தெரியும், லாபம் கொஞ்சம் அழகாகத் தெரியும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இயந்திரம் விற்பவர்களுக்கு அடி வேறு வழியில் வருகிறது. விலை விழுந்ததும் சிப் கம்பெனிகள் முதலில் வெட்டுவது புது இயந்திரச் செலவைத்தான். ஆலை ஓட்டம் குறைந்தால் உதிரிபாக விற்பனையும் குறையும். மெமரி ஆலைகளை அதிகம் நம்பியிருந்த இயந்திரக் கம்பெனி லாம் ரிசர்ச் 2023 ஜனவரியில் சுமார் 1,300 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு இன்னொரு இயந்திரக் கம்பெனியான நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் விற்பனையோ சுமார் 2,120 கோடி யூரோவிலிருந்து 2,760 கோடிக்கு ஏறியது. பழைய ஆர்டர்கள் குவிந்திருந்தன. மெமரி அல்லாத வாடிக்கையாளர்களும் ஏராளம்.

விலை சரியும் காலத்தில்தான் ஆட்குறைப்பும் வரும். வீட்டுக் கடன் தவணையும் அந்தச் சம்பளத்தில்தான் என்றால், பங்கு வர வர ஒரு பகுதியை விற்றுவிடச் சொல்வேன். பங்கு கைக்கு வந்த நாளின் விலைக்குச் சம்பள வரி பிடித்துவிடுவார்கள். பிறகு விலை பாதியானாலும் அந்த வரி திரும்பாது. விற்ற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். மீதியை 8 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால்.