நன்னடத்தைக் கண்காணிப்பில் ஒரு சிறுவன்: வீடும் பள்ளியும் பட்டறையும் அறிய வேண்டியவை

பதினெட்டு வயது நிறையாத ஒருவன் குற்றம் செய்திருக்கிறான் என்று சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முடிவுக்கு வந்தால், அவனை நேராக, இத்தகைய சிறுவர்களைத் தங்கவைத்துச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவது, குழுவாக ஆற்றுப்படுத்துவது, சமூக சேவையில் ஈடுபடுத்துவது, அபராதம் விதிப்பது என்று 18ஆம் பிரிவு வரிசைப்படுத்தும் ஆணைகளுள் ஒன்று, நன்னடத்தையின் பேரில் விடுவிப்பது. தாயோ தந்தையோ பொறுப்பேற்றுப் பத்திரம் எழுதிக்கொடுக்க, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத ஒரு காலத்துக்குச் சிறுவன் தன் வீட்டிலேயே வாழ்வான். அவனை மேற்பார்வையிட்டுக் குழுமத்துக்கு அறிக்கை தருவது நன்னடத்தை அலுவலரின் பணி. அந்தப் பணியில் இருந்துகொண்டு நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: பத்திரத்தில் கையெழுத்திடுவது பெற்றோர், ஆனால் அந்தப் பத்திரம் நிலைப்பதும் முறிவதும் பெரும்பாலும் அவர்களுடைய கைக்கு எட்டாத இடங்களில், தலைமையாசிரியரின் அறையிலும் பட்டறை வாசலிலும் காவல் நிலையத்திலும்தான் முடிவாகிறது.

எங்கள் வேலை ஆணைக்குப் பிறகு தொடங்குவதில்லை. சிறுவன் பிடிபட்டதும் காவல் துறை பெற்றோருக்குச் சொல்வதுபோலவே நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கையை நாங்கள் குழுமத்தில் அளிக்க வேண்டும். அதற்காக வீட்டுக்குச் செல்லும்போது அலுவலகப் பலகை மாட்டிய வண்டியைத் தெருவுக்குள் கொண்டுபோகாமல், யார் எவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லாமல், உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போவதே முறை. குடும்ப வருமானம், தந்தையின் குடி, படிப்பு நின்ற வகுப்பு, நண்பர்களின் வயது என்று படிவம் பலவற்றைக் கேட்கிறது. இவற்றில் என் அனுபவத்தில் அதிகம் பயன்படுவது, படிவத்தில் தனிக் கட்டமாக இல்லாத ஒரு கேள்வி: இந்தப் பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எங்கே, யாருடன் இருக்கிறான்? இதற்குத் தாயால் மணிவாரியாகப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால், அந்த வெற்று மணிகளில்தான் வழக்கின் காரணம் பெரும்பாலும் கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினாறு வயது, இரு சக்கர வாகனத் திருட்டு வழக்கு. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த தந்தை படுக்கையில் இருக்கிறார். தாய்க்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. ஒன்பதாம் வகுப்பில் படிப்பு நின்றுபோனது. பகல் முழுவதும் செய்ய ஒன்றுமில்லாத அந்தப் பிள்ளைக்கு, பக்கத்துத் தெருவைச் சேர்ந்த இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் பிரியாணி வாங்கித் தந்தான், ஓட்ட வண்டி தந்தான், கைப்பேசி தந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, "என் தம்பிடா" என்று நாலு பேர் முன்னால் சொன்னான். பூட்டை உடைத்தது சிறுவன். வண்டியை விற்றுப் பணம் பார்த்தது மற்றவன். அந்த வண்டியைப் பறிகொடுத்தவர் அதை வைத்துத்தான் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய கோபம் நியாயமானது. சிறுவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே, அவர் இழந்ததைப் பற்றி அவனிடம் விரிவாகப் பேசுவதை மேற்பார்வையின் ஒரு பகுதியாக நான் வைத்திருக்கிறேன்.

இத்தகைய வழக்குகளில் பின்னால் இருக்கும் பெரியவனைச் சட்டம் மறந்துவிடவில்லை. சட்டவிரோதச் செயலுக்குச் சிறுவர்களைப் பயன்படுத்தும் வயது வந்தோருக்கு 83ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. கஞ்சாவோ மதுவோ கடத்தவும் விற்கவும் அவர்களை ஏவினால் 78ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைப் பெற்றோர் எங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள். அதே தெருவில்தான் அவர்கள் நாளையும் வாழ வேண்டும் என்பதால் அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வெளிப்படையாகப் புகார் கொடுக்க முடியாதவர்கள் எங்களிடமாவது தனியே சொன்னால், அந்த இடத்துக்குச் சிறுவன் போகக் கூடாது என்ற நிபந்தனையை ஆணையிலேயே சேர்க்கும்படி குழுமத்தைக் கேட்க எங்களால் முடியும்.

இனி பள்ளியைப் பற்றி. ஆணை வந்தபின் முதலில் நாங்கள் முட்டிமோதும் கதவு இதுதான். "மற்றப் பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள்" என்று தலைமையாசிரியர் சொல்லும்போது, அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் பிற பெற்றோரின் நெருக்குதல் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு பதினான்கு வயதோடு நின்றுவிடுவதால் பதினாறு வயதுப் பிள்ளையைத் தட்டிக்கழிப்பது எளிதாகவும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று குழுமம் ஆணையில் எழுதியிருக்கும்போது, பள்ளி மறுப்பதால் சிறுவன் தன் பிழையின்றியே ஆணையை மீறியவன் ஆகிவிடுகிறான். சேர்க்க முடியவே முடியாது என்ற நிலையில்கூட, மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கமும் பண்பும் பற்றிய அந்த ஒற்றை வரியில் வழக்கைப் பற்றிக் குறிப்பு எழுதிவிடாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அந்த வரியோ அவன் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

பள்ளிக்குத் திரும்ப மனமில்லாதவர்களுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் நல்ல வழி. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகள் இருக்கின்றன, கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. வெல்டிங்கோ வயர்மேனோ கற்கும் பையனுக்கு, காலையில் குறித்த நேரத்தில் தன்னை எதிர்பார்க்கும் ஓர் இடம் கிடைக்கிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் எங்களிடம், "களவு போனால் யார் பொறுப்பு?" என்று கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டு முதல் சில மாதங்கள் கல்லாப்பெட்டிப் பக்கம் விடாமல் வைத்திருங்கள், ஏதாவது நடந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். இப்படிச் சேர்த்துக்கொண்ட முதலாளிகள் சிலர், மேற்பார்வைக் காலம் முடிந்த பின்னும் அந்தப் பையன்களை விடவில்லை.

தனியே சொல்ல வேண்டிய ஒருவகை வழக்கு உண்டு. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டைவிட்டுப் போக, போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்படியான வழக்கில், பையன் குழுமத்தின் முன் வருகிறான். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. இது பெரும்பாலான பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கு வந்த பின்புதான் தெரியவருகிறது. சாதி வேறுபட்ட குடும்பங்களானால், மேற்பார்வையில் பையனின் நடத்தையைவிட அவன் உயிரைப் பற்றியே நான் அதிகம் கவலைப்பட நேர்கிறது. மேல்நிலை வகுப்புகளில் இந்தச் சட்டத்தை, பயமுறுத்தாமல், உள்ளது உள்ளபடி கற்பிக்க வேண்டும்.

காவல் நிலையத்தைப் பற்றியும் பெற்றோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். வட்டாரத்தில் எங்கே எது காணாமல் போனாலும், முன்பு வழக்கில் இருந்த பையனை விசாரணைக்கு அழைத்துப்போவது நடக்கிறது. வேலைக்குப் போகத் தொடங்கிய பையன் இரண்டு நாள் நிலையத்தில் உட்கார்ந்தால் அந்த வேலை போய்விடுகிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது, பிடித்திருந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அப்படி அழைத்துப்போனால், அந்த அலுவலர் யார் என்று நிதானமாகக் கேளுங்கள். உடனே நன்னடத்தை அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்து தரும்.

அலுவலகத்துக்கு வரும் நாளில் தலைவாரி, கைகட்டி நிற்கும் பிள்ளையைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. உறங்கும் நேரம் மாறியிருக்கிறதா, சம்பளத்துக்குப் பொருந்தாத பணமோ புதிய கைப்பேசியோ கையில் இருக்கிறதா, பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டானா என்பவற்றைத் தாயிடம்தான் கேட்பேன். மீறல் நடந்தால் குழுமத்துக்குத் தெரிவிப்பது என் கடமை. அதை மறைப்பதாக எந்தப் பெற்றோருக்கும் வாக்களிக்க மாட்டேன். ஆனால் முன்கூட்டியே சொல்லப்படும் சறுக்கலை, போதை மீட்பு சிகிச்சையாலோ இடமாற்றத்தாலோ சரிசெய்ய வழி இருக்கிறது. காவல் துறையின் வழியாக எனக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

தெருவில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிடிபட்ட சிறுவனின் படத்தையோ பெயரையோ பள்ளியையோ வாட்ஸ்அப்பில் பகிர்வது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பகிர்ந்தவர் அன்றே மறந்துவிடுவார். அந்தப் படத்தை நான் மூன்றாம் ஆண்டிலும் பட்டறை முதலாளியின் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன்.

மேற்பார்வைக் காலம் முடிந்தபின் அந்தப் பையன் வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த வழக்கு தடையாகக் கூடாது என்பதை 24ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. மேல்முறையீட்டுக் காலம் கடந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல் துறை வெளியிடக் கூடாது. பதினாறு வயது நிறைந்து, கொடிய குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நடைமுறையில் காவல் நிலையப் பதிவேட்டில் பழைய பெயர் அப்படியே தங்கிவிடுவதுண்டு. ஆகவே குழுமத்தின் இறுதி ஆணைக்குச் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி, குடும்ப அட்டையும் பிறப்புச் சான்றும் வைத்திருக்கும் உறையிலேயே பத்திரப்படுத்துங்கள். பின்னால் சரிபார்ப்பின்போது யாரேனும் வழக்கை எடுத்தால், அந்த நகலுடன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வாருங்கள். நாங்கள் மாறிப்போயிருந்தாலும் அந்த இருக்கையில் இருக்கும் அலுவலர் குழுமத்தின் கவனத்துக்கு அதைக் கொண்டுசெல்ல முடியும்.