அம்மா இப்போது பஸ்ஸில் இருக்கிறா

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். திங்கள் காலை எடுத்துவிடுவார்கள் என்று நம்பி, எங்கள் தொடர்மாடியில் பலர் மூன்று நாளுக்குத்தான் மரக்கறி வாங்கி வைத்திருந்தோம். இடையில் சில மணித்தியாலங்கள் தளர்த்தியதை விட்டால், கொழும்பில் அது மே 26 வரை இழுபட்டது. நான் ஓர் உளவளத்துணையாளர். அந்த இரண்டு மாதமும் என் வேலை முழுக்க வாட்ஸ்அப்பில்தான்.

அழைத்தவர்களில் ஒருவர் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் இருந்தவர். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கதைக்கும்போது பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது அழைப்பில்தான் என்ன சத்தம் என்று கேட்டேன். "குளியலறையில இருந்துதான் கதைக்கிறன் மிஸ். இங்க பூட்டு இருக்கிற கதவு இது மட்டும்தான். பைப்பைத் திறந்துவிட்டா வெளியில கேக்காது."

கணவர், இரண்டு பிள்ளைகள், மாமா, மாமி. எல்லாரும் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள், ஒருவருக்கும் வருத்தம் இல்லை, சம்பளமும் வருகிறது. பிறகு ஏன் அழுகை வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் முதலில் சொன்னது பாடப்புத்தகப் பதில். காலையில் உடற்பயிற்சி செய்யுங்கள், செய்தி பார்ப்பதைக் குறையுங்கள், ஏதாவது பொழுதுபோக்கைப் பிடியுங்கள். அப்போது ஊரே டல்கோனா என்ற நுரைக் கோப்பி அடித்துக்கொண்டிருந்தது. அவரும் அடித்துப் பார்த்தாராம், ஆறு பேருக்கு. "கழுவ ஆறு கப் கூடினதுதான் மிச்சம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு கேள்வியை மாற்றினேன். ஊரடங்குக்கு முன்னால், சாதாரண ஒரு நாளில், யாருக்கும் எதுவும் செய்து கொடுக்காமல் நீங்கள் சும்மா இருந்த நேரம் எது? கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. "பஸ்" என்றார்.

கொழும்பு கோட்டைப் பகுதியில் வேலை. மாலையில் 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், காதில் பாட்டு. காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று முக்கால் மணித்தியாலம். நெரிசல், புகை, வியர்வை என்று அவர் தினமும் திட்டித் தீர்த்த பயணம். ஊரடங்கு வந்து அது போனபோது நல்லதுதான் என்றுகூட நினைத்திருக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970களில் மனச்சோர்வைப் பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். நாளில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன இன்பங்கள் குறைந்தால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் எதையும் செய்ய விடாது, அதனால் இருக்கிற இன்பமும் குறையும். "மனம் கொஞ்சம் சரியாகட்டும், பிறகு செய்கிறேன்" என்று நாம் காத்திருப்போம். சிகிச்சையில் தலைகீழாகத் தொடங்குவோம். மனம் வராவிட்டாலும், குறித்த நேரத்துக்கு அந்தச் சின்ன விஷயத்தைச் செய்துவிடுவது. மனம் பின்னால் வரும், சில வேளை ஒரு வாரம் பிந்தி.

கொட்டாஞ்சேனையில் ஒரு பென்சன்காரர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரன்களுக்கு 304 என்ற சீட்டாட்டத்தைப் பழக்கத் தொடங்கினார். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஒரு வகைச் சீட்டில் 76, நான்கும் சேர்ந்தால் 304. துரும்பு எது என்ற சண்டையில், அன்றைய தொற்று எண்ணிக்கையை டிவியில் பார்க்க மறந்துபோனார்களாம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோதும் மெழுகுதிரி வெளிச்சத்தில் அதே சீட்டுக்கட்டுதான்.

எங்கள் ஒழுங்கைக்கு, பாட்டுப் போட்டு பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ வரும், ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு, பீத்தோவனின் அதே மெட்டைப் போட்டபடி. பாண் வீட்டில் இருந்தாலும் எல்லாரும் பல்கனிக்கு ஓடுவோம். கீழ்வீட்டு அம்மம்மா ஒரே ஒரு கிம்புலா பனிஸ், அந்த முதலை வடிவ இனிப்புப் பனிஸ், வாங்குவார். அந்த ஒரு பனிஸுக்காக மூன்று மணியிலிருந்தே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கேற்றடியில் நிற்பார். அவருக்கு அன்றைய நாளில் ஒரு மூன்று மணி இருந்தது. பலருக்கு அது இருக்கவில்லை, திங்களும் வியாழனும் ஒன்றாய்க் கரைந்துபோயின.

இன்னொன்று. அந்த மாதங்களில் என்னோடு கதைத்த ஆண்கள் "பொழுது போகுதில்லை" என்றார்கள். பெண்கள் "நேரமே இல்லை" என்றார்கள். சில வேளை இருவரும் ஒரே வீடு. கேக், ரோல்ஸ், பின்னேரப் பலகாரம் என்று வீட்டின் சின்ன இன்பங்கள் எல்லாம் ஒருவருடைய கையால் வந்துகொண்டிருந்தன. படம் பார்க்க எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஊரடங்கு முடிந்தாலும் இது முடியவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைப் பார்ப்பவர், கைக்குழந்தையோடு இருப்பவர் என்று இன்றும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் சும்மா இருந்த நேரம் எது என்ற அதே கேள்விதான்.

சின்ன இன்பத்தால் சமாளிக்க முடியாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லை, நித்திரையில்லை, சாப்பிட முடியவில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 1926க்கு எடுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

சரி, வெள்ளவத்தைக்கு வருவோம். பஸ்ஸை வீட்டுக்குள் கொண்டுவருவது என்று இருவரும் முடிவு செய்தோம். பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, காதில் பாட்டு, மாலை 5.10 முதல் அரை மணித்தியாலம். முதல் வாரம் சரிவரவில்லை. குக்கர் விசில் கேட்டால் எழும்பிவிடுவார். "ஓடுற பஸ்ஸில இருந்து இறங்கக் கூடாது" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னேன். அதை அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு யாராவது தேடினால், சின்னவள் வாசலில் நின்று மறிப்பாள்: "அம்மா இப்ப பஸ்ஸில இருக்கிறா." குக்கரை இறக்கியது மாமா. அந்த வீட்டில் அவர் அடுப்படிக்குள் போனது அதுதான் முதல் தடவையாம்.

ஜூனில் ஒபிஸ் திறந்து, உண்மையான பஸ்ஸும் வந்தது. கதிரையை உள்ளே எடுக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் மாமி இருக்கிறாராம்.