கோப்புக்கும் ஒரு கைரேகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிப் பொங்கல் படங்கள் நாலைந்து ஃபோல்டர்களில் திரும்பத் திரும்பக் கிடந்து இடத்தை அடைத்துவிட்டன. திரையோரத்தில் 'உங்கள் கணினியில் ஆயிரம் பிழைகள்' என்று சிவப்பில் ஒரு விளம்பரம். "தம்பி, சுத்தம் பண்ண எதை நம்பி இறக்குறது?" என்றார்.

விளம்பரத்தை விடுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் கணினி பறக்கும் என்பதும், காரில் எலுமிச்சம்பழம் கட்டினால் என்ஜின் பழுதாகாது என்பதும் ஒரே ரக நம்பிக்கை. அந்த வகை மென்பொருளை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. தற்காலிகக் கோப்புகளை நீக்க ப்ளீச்பிட், இரட்டைக் கோப்புகளைத் தேட ச்காஃப்கா (Czkawka). பின்னதற்குப் போலந்து மொழியில் விக்கல் என்று பொருள். இரண்டும் இலவசம், இரண்டின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

சரி, ஒரே மாதிரி கோப்புகளை ச்காஃப்கா எப்படிக் கண்டுபிடிக்கிறது? 10,000 படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 50 மில்லியன் ஜோடிகள். அதனால் முதலில் அளவைப் பார்க்கும். அளவு வேறென்றால் கோப்பும் வேறு. அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுக்கும். இதற்கு ஹேஷ் என்று பெயர்.

எனக்கு அலுக்காத விஷயம் இதுதான். கணினியில் எந்தக் கோப்பும் 0, 1 என்ற பிட்களின் வரிசைதான். எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் முறை கோப்பை 512 பிட் துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று சுழற்றி, நகர்த்தி, கூட்டி, முந்தைய துண்டின் விடையோடு பிசையும். கோப்பு ஒரு வரிக் கடிதமோ இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவோ, கடைசியில் வருவது 256 பிட்தான். படத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றிப் பாருங்கள். விடையில் பாதிக்குப் பாதி பிட்கள் புரண்டுவிடும். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் ஸ்டோரில் நின்று பார்த்திருக்கிறேன்: ஆசிட் ஊற்றி உறைந்த பாலை மறுபடி பாலாக்க முடியாது. ஹேஷும் அப்படித்தான். விடையிலிருந்து கோப்புக்குத் திரும்ப வழி கிடையாது. வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையோ 78 இலக்க எண். இரண்டு வேறு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே விடை வரும் என்று பயப்படவே வேண்டாம்.

டீச்சரின் கேள்விக்கும் இதே கைரேகைதான் பதில். மென்பொருளை வெளியிடுபவர்கள் அதன் ஹேஷையும் வெளியிடுவார்கள். இறக்கிய கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, 7-ஜிப் என்ற சுருக்கும் கருவி மூலம் ஹேஷைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஆனால் கைரேகை ஆளைக் காட்டுமே தவிர குணத்தைக் காட்டாது. 2017இல் சிசிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் அதிகாரப்பூர்வ பதிப்பிலேயே தீநிரல் நுழைந்து, 2 மில்லியனுக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது.

இங்கேதான் திறந்த மூலம் கைகொடுக்கிறது. வெளியே கிடக்கும் நிரலை வேறொருவர் தம் கணினியில் தொகுத்து, அதே கைரேகை வருகிறதா என்று பார்க்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் இதை ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்குச் செய்துவருகிறார்கள். அந்த உழைப்பு ஏன் தேவை என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் ஒளித்துவைத்த கள்ளக் கதவின் முக்கியமான ஒரு பகுதி பொது நிரலில் இல்லை, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் அது பிடிபட்டது. உலகமே பயன்படுத்திய அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் சம்பளமின்றிப் பார்த்துக்கொண்டவர் ஏறக்குறைய ஒரே ஆள். உரிமத்துக்குக் கோடிகளைக் கொட்டும் அரசுகள் இப்படிப்பட்டவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று எப்போதும் சொல்வேன்.

டீச்சரின் படங்களை முதலில் வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு ச்காஃப்காவை ஓட்டினோம். ஒரே பொங்கல் பானை ஏழு இடத்தில். எட்டாவது பானையை மட்டும் அது தொடவில்லை. "அதே படம்தானே?" என்றார். வாட்ஸ்அப்பில் வந்தது அது. வழியில் சுருக்கப்பட்டதால் பிட்கள் மாறிவிட்டன. பெரிதாக்கிக் காட்டினேன். பானை விளிம்பில் பொங்கி வழியும் நுரை, ஒன்றில் குமிழ் குமிழாகவும் மற்றதில் வெறும் வெள்ளைத் திட்டாகவும் இருந்தது.