கல்லுக்குள் இருக்கும் கடல்

1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திருகோணமலைக் கடலோரச் சுவாமி மலையடியில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய கற்கள் கடலடியில் கிடந்தன. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் மிச்சங்கள் அவை. அப்படி உப்புநீர் குடித்த பொருட்களுக்குத் திருகோணமலையில் ஒரு காட்சிக்கூடம் அமைப்பதென்றால், சுவருக்கு என்ன நிறம் என்று பேசுமுன் உப்பைக் கவனிக்க வேண்டும்.

கடலுக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லையில்லை. வெளியே வந்தபின், நுண்துளைகளில் ஊறிய உப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் படிகமாக இறுகும். இறுகும் படிகம் துளையின் சுவரை நெரிக்கும். மாரியில் நம் ஊர்க் காற்று எப்போதும் நசநச. கச்சான் வீசும் மாதங்களில் (தின்னும் கச்சான் கடலை அல்ல, தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று) அதே ஊரில் உதடு வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கருங்கல் ஓரளவு தாங்கும். பானை ஓடும் செங்கல்லும்தான் பாவம், செதில் செதிலாக உரியும். பகலில் ஏசி போட்டு, மாலையில் அணைத்துப் பூட்டிப்போகும் கூடம் இந்தக் கூத்தைத் தினமும் நடத்துகிறது. அதற்கு ஏசி இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே முதலில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால் கலந்ததுபோல் வெளுக்கும். கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை ஊறல் தொடரும். கிணற்று நீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு என்பதால், கடைசிச் சுற்றுகளுக்கு வடித்த நீர்.

வெண்கலத்தின் கதை வேறு. சிலையின் கை மடிப்பில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தால், அது அழகான பழம்பாசி அல்ல, நோய். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் குளோரைட்டு, ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தவுடன் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் புதிய செம்பை அரிக்கும், அதிலிருந்து மறுபடி குளோரைட்டுச் சேர்மம் பிறக்கும். உறைமோர் மாதிரித்தான்: ஒரு துளி அடுத்த பானையையும் உறையவைக்கும். இதை அடக்க ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முழுக் கூடத்தையும் அப்படி உலர்த்தினால் மின்கட்டணம் கூடத்தையே விழுங்கிவிடும். அதனால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் செய்து, அதன் அடித்தட்டில் சிலிக்கா ஜெல் வைப்பார்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ‘தின்னாதே’ என்று எழுதிய சின்னப் பை இருக்குமே, அதேதான், கிலோக்கணக்கில். அந்தத் தட்டுக்குத் தனிக் கதவு வேண்டும். ஜெல் மாற்றும்போதெல்லாம் சிலையைத் தொட்டுக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் வெளிச்சம். ஏட்டுச்சுவடிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் ஆகாது, கல்வெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் நேர் எதிரே விளக்குப் போட்டால் எழுத்து மறைந்துவிடும். திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் இருக்கிறது. அதன் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரிக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டும் தன் நிழலைத் தானே எழுதும்.